கிரனாஷும் களாப்பழமும்: நாக்கை அடகு வெக்காதீங்க மக்களே!

மொதல்லயே தெளிவா சொல்லிடறேன். தமிழ்ல ஒயின் பத்தி எழுதறது தப்புன்னு நான் சொல்ல வரலை. இட்லிக்கு எழுதறோம், இளையராஜாவுக்கு எழுதறோம், ஈரானியப் படத்துக்கு எழுதறோம். ஒயினுக்கு மட்டும் என்ன தீட்டு? தாராளமா எழுதுங்க. ஆனா உங்க வாயில ருசிச்சதை எழுதுங்க. அடுத்தவன் வாயில ருசிச்சதைக் காப்பியடிச்சு எழுதாதீங்க. நான் கேக்கறது அவ்ளோதான்.

"அடர்த்தியான பிளாக்பெர்ரி, காசிஸ், லேசா சீடர் மரம், பின்னாடி லாவெண்டர், நீளமான ஃபினிஷ், 93 பாயிண்ட்." இந்த மாதிரி ஒரு வரியை நீங்க கண்டிப்பா படிச்சிருப்பீங்க. சில பேர் எழுதியும் இருப்பீங்க. (யாரையும் குறிப்பிட்டுச் சொல்லலை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தா கம்பெனி பொறுப்பல்ல.)

அண்ணே, ஒரே ஒரு கேள்வி. நீங்க பிளாக்பெர்ரி தின்னுருக்கீங்களா? காசிஸ்ங்கிற பழத்தைக் கண்ணால பாத்திருக்கீங்களா? சீடர் மரத்தை எந்த ஊர் மரவாடியில மோந்து பாத்தீங்க? தின்னாத பழத்தோட வாசனை உங்க மூக்குக்கு எப்படிங்க வந்துச்சு? பாட்டில்ல இருந்து வரலை. பாட்டில் பின்பக்க லேபிள்ல இருந்து வந்துச்சு.

இதுல பெரிய வேடிக்கை என்னன்னா, இப்படிப் பழப் பட்டியல் போடற பழக்கத்துக்கு ஒரு நல்ல காரணம் இருந்துச்சு. 1984-ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாகத்துல ஆன் நோபிள்னு ஒரு அம்மா 'வாசனைச் சக்கரம்'னு ஒண்ணு உருவாக்கினாங்க. அதுக்கு முன்னாடி "கம்பீரமான ஒயின்", "நளினமான ஒயின்"னு அளந்து விட்டுட்டு இருந்தாங்க. கம்பீரத்தை எப்படிங்க மோந்து பாக்கறது? அதனால அந்தம்மா என்ன பண்ணாங்கன்னா, எல்லாருக்கும் கைக்கெட்டற பொருளோட வாசனையை வெச்சுப் பேசுவோம்னு சொன்னாங்க. டப்பாவுல அடைச்ச ஆஸ்பரகஸ் தண்ணியை ஒயின்ல கொஞ்சம் ஊத்தி, "இந்த வாசனையைத்தான் இந்தப் பேர் சொல்லிக் கூப்பிடறோம்"னு மோந்து பழகச் சொன்னாங்க.

புரியுதா? அவங்க ஊர் மளிகைக் கடையில கிடைக்கறதை வெச்சு அவங்க ஒரு பட்டியல் போட்டாங்க. அதை அப்படியே தூக்கிட்டு வந்து தர்மபுரி சந்தைக்கு நடுவுல வெச்சுகிட்டு, "எனக்கு இதுல பாய்சன்பெர்ரி தெரியுது"ன்னா அது ரசனையா? அந்தச் சக்கரத்தோட நோக்கத்துக்கே அது எதிர். அதை உண்மையா பின்பத்தணும்னா நாம நம்ம சந்தைக்குப் போயி நம்ம பட்டியலைப் போடணும்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

இந்தப் பதிவுக்குக் காரணமான பாட்டில், என் மச்சினன் பிரான்ஸ்ல இருந்து லீவுக்கு வந்தப்போ கொண்டுவந்தது. ஷாத்தோநெஃப்-து-பாப். பேரைப் பாத்து மிரளாதீங்க, 'போப்பாண்டவரோட புதுக் கோட்டை'ன்னு அர்த்தம். 14-ம் நூற்றாண்டுல போப்புங்க ரோமை விட்டுட்டு அவிஞ்ஞோன்ல இருந்தாங்க இல்லையா, அப்ப பக்கத்துல கட்டின கோட்டை. தெற்கு ரோன் பகுதி. 1954-ல இந்த ஊர் மேயர், எங்க தோட்டத்துல பறக்கும் தட்டு இறங்கக்கூடாதுன்னு உத்தரவே போட்டிருக்காரு. நம்ம ஊர் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கெல்லாம் அண்ணன் அவரு :-)

விதிப்படி இதுல 13 ரகத் திராட்சை சேக்கலாம் (நிறபேதத்தையும் தனித்தனியா எண்ணினா 18). ஆனா தோட்டத்துல பெரும்பங்கு கிரனாஷ்தான். ஸ்பெயின்காரன் அதையே கர்னாச்சாம்பான். சார்டினியாத் தீவுல கன்னொனாவ். வெயில் தாங்கும், வறட்சி தாங்கும், காத்து தாங்கும். கம்பி கட்டாம குத்துச்செடியா விட்டாக்கூட நிக்கும். ஷாத்தோநெஃப்ல பல தோட்டங்கள்ல மண்ணே கண்ணுக்குத் தெரியாது. அத்தனையும் உருட்டுக்கல்லு. பகல்ல வாங்கின சூட்டை ராத்திரி செடிக்குக் குடுக்கும். எங்க பென்னாகரம் பக்கத்துக் கரட்டுக்காட்டைப் பாத்தவங்களுக்கு அந்த ஃபோட்டோவைப் பாத்தா சொந்தக்காரனைப் பாத்த மாதிரி இருக்கும்.

கிரனாஷோட குணம் இது: மெல்லிசுத் தோல். அதனால நிறம் கொஞ்சம் வெளிறும், துவர்ப்பு மிதம். தாமதமாப் பழுக்கும், பழுத்தா சர்க்கரை எகிறும். சர்க்கரை எகிறினா ஆல்கஹாலும் எகிறும். 15 சதவீதமெல்லாம் இதுக்கு சாதாரணம். புளிப்பு கம்மி. அதனாலதான் கூட சீரா, மூர்வேத்ர்னு ரெண்டு பேரைத் துணைக்கு வெக்கறாங்க. நிறம், துவர்ப்பு, முதுகெலும்பு எல்லாம் அவங்க குடுக்கறாங்க. (நாசிக்ல சுலாகாரங்க கிரனாஷ்ல ரோஸ் ஒயின் போடறாங்க. அது வேற ஜாதி, லேசான சமாச்சாரம். நான் பேசறது கனமான சிவப்பு.)

இந்த 'கனம்'கிறதுதான் அடுத்த ஏமாத்து வேலை.

1978-ல ஒயின் அட்வகேட் பத்திரிகையை ஆரம்பிச்ச ராபர்ட் பார்க்கர், 50-லேர்ந்து 100 வரைக்கும் மார்க் போடற முறையை உலகம் பூரா பரப்பினாரு. அமெரிக்கப் பள்ளிக்கூடத்து மார்க் ஷீட் மாதிரி. அவருக்குக் கனமான, பழுத்த, கெட்டியான ஒயின் பிடிக்கும். அது அவர் நாக்கு, அவர் இஷ்டம். ஆனா 90-ஐத் தாண்டினா விக்கும், இல்லாட்டித் தேங்கும்னு ஆனப்புறம், உலகம் பூரா நிறைய பேர் அவர் நாக்குக்கே ஒயின் போட ஆரம்பிச்சாங்க. 2019-ல அவர் ஓய்வு எடுத்துட்டாரு. மார்க் ஷீட் மட்டும் ஓய்வு எடுக்கலை.

இந்த மார்க்குக்கு எவ்ளோ மரியாதை குடுக்கலாம்? ரெண்டு சங்கதி சொல்றேன்.

ஒண்ணு: 2001-ல வெளியான போர்தோ ஆய்வு. வெள்ளை ஒயின்ல வாசனையில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து 54 பேருக்குக் குடுத்தாங்க. எல்லாரும் ஒயின் படிப்பு படிக்கிற பசங்க. சிவப்பு ஒயினுக்குச் சொல்ற வார்த்தைகளையே இதுக்கும் சொன்னாங்க. கண்ணு பாத்ததை மூக்கு ஒப்பிச்சுச்சு.

ரெண்டு: 2008-ல ராபர்ட் ஹாட்ஜ்சன் வெளியிட்ட ஆய்வு. கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில, ஒரே பாட்டில்ல இருந்து ஊத்தின ஒயினை, சொல்லாம, மூணு தடவை நடுவர்களுக்குக் குடுத்தாங்க. மூணு தடவையும் ஒரே பதக்க அளவுக்குள்ள மார்க் போட்டவங்க பத்துல ஒருத்தர்தான். இவங்கெல்லாம் தொழில்முறை நடுவருங்க சாமி!

ருசி பாக்கறதே பொய்னு இதுக்கு அர்த்தம் இல்லை. 92-க்கும் 94-க்கும் நடுவுல உயிரை விடாதீங்கன்னு அர்த்தம். அந்த நம்பரைத் தமிழ்ப் பதிவுல கொண்டுவந்து ஒட்டி, அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாம இருக்கறது சோம்பேறித்தனம்னு அர்த்தம்.

நம்மகிட்ட என்ன சரக்கு இல்லைன்னு அங்க கடன் வாங்கப் போறோம்? அறுசுவைல துவர்ப்புன்னு தனியா ஒண்ணு வெச்சிருக்கோம். ஆங்கிலத்துல டானின் பத்தி ஒருத்தருக்கு விளங்க வைக்க அரைப் பக்கம் எழுதறாங்க. ஆறிப்போன டீ, காய்ஞ்ச வாய், ஈறு இழுக்கறதுன்னு. நமக்கு ஒரே வார்த்தை. வாழைப்பூ, மாம்பிஞ்சு, கடுக்காய்னு மூணு படி வெச்சா அளவும் சொல்லியாச்சு. எட்டு வயசுப் பையனுக்குக்கூடப் புரியும்.

ஃபினிஷ்ங்கிற சமாச்சாரத்துக்கு உலகத்துலயே நல்ல உதாரணம் எங்க ஊர்ல இருக்கு. நெல்லிக்காய். கடிச்சா துவர்ப்பு, அப்புறம் புளிப்பு, முழுங்கிட்டு ஒரு மடக்கு தண்ணி குடிச்சா இனிப்பு. வாயை விட்டுப் போனப்புறம் வர்ற ருசி. தகடூர் அதியமான் ஔவைக்குக் குடுத்தது அந்தக் காயைத்தான், அந்தத் தகடூர்தான் இன்னிக்கு தர்மபுரி. ஒயின்ல ஃபினிஷ்னா என்னன்னு எவனாவது கேட்டா நான் நெல்லிக்காய் ஒண்ணைக் கையில குடுத்துடுவேன். வேலை முடிஞ்சுது.

இப்ப அந்த பாட்டில்.

மொதல்ல சூடு. "ரெட் ஒயின் ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்"னு எல்லாரும் மந்திரம் மாதிரி சொல்றாங்க. யார் ரூமு? எந்த டெம்பரேச்சரு? அந்த வாக்கியம் பொறந்தது 16, 18 டிகிரி இருக்கற ஐரோப்பியக் கல்லுவீட்டுல. இங்க ஏப்ரல்ல வெளிய 38. பெரிய நகரத்து ஓட்டல் ஒண்ணுல, நட்சத்திரமெல்லாம் போட்ட ஓட்டல், கதகதன்னு கிரனாஷைக் கொண்டுவந்து வெச்சாங்க. கிளாஸ்கிட்ட மூக்கைக் கொண்டுபோனா ஆஸ்பத்திரி ஊசி போடற எடத்துல பஞ்சு தடவற வாசனை. ஃப்ரிட்ஜ்ல வெச்சுக் கொண்டாங்க தம்பின்னா, "சார், இது ரெட் ஒயின்"னு எனக்குப் பாடம் எடுத்தாரு. 15 சதவீத ஒயினை 30 டிகிரியில குடுத்தா ஆல்கஹால்தான் முன்னாடி வந்து நிக்கும். பழமெல்லாம் பின்னாடி ஒளிஞ்சுக்கும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வைங்க. கௌரவம் ஒண்ணும் கெட்டுடாது.

நாங்க அப்படித்தான் வெச்சோம். மொட்டைமாடி, சாயங்காலம். நான், மச்சினன், எங்க பெரியப்பா. பெரியப்பாவுக்கு எண்பது தாண்டிருச்சு. அவர் ஒரு மடக்குதான். ஆனா அந்த நாக்கு பழைய நாக்கு.

நிறம்: நடுவுல மாதுளை முத்து, ஓரத்துல செங்கல். ஓரம் செங்கல் நிறமாயிருந்தா வயசாயிருக்குன்னு அர்த்தம், கிரனாஷ் சீக்கிரமே அந்த நிறத்துக்கு வந்துடும்.

வாசனை: மச்சினன் "கரீக் தெரியுதா மாமா?"ன்னான். தெற்குப் பிரான்ஸ்ல வெயில்ல காயற முள்ளுப்புதர்க் காடு, அதுல கலந்து வர்ற தழை வாசத்துக்கு அந்தப் பேரு. எனக்கு வத்தல்மலை ஏறற வழி ஞாபகம் வந்துச்சு. மத்தியான வெயில்ல காஞ்ச புதர், நடுவுல எங்கயோ துளசி, நொச்சி. அப்புறம் அதிமதுரம், அது சந்தேகமே இல்லை. கொஞ்சம் வெள்ளை மிளகு. காஞ்ச ஆரஞ்சுத் தோல். பழம்னு பாத்தா நல்லாக் கறுத்துப் பழுத்த களாப்பழம், அதோட நாட்டுச் சப்பாத்திக்கள்ளிப் பழத்தோட இனிப்பு. களாப்பழம் தெரியாத பட்டணத்துப் பதிவர்கள் மன்னிக்கவும். நீங்க பிளாக்பெர்ரின்னு எழுதினப்ப நான் எவ்ளோ பொறுமையா இருந்தேன்னு நினைச்சுப் பாருங்க.

வாயில: இனிப்பு ஒயின் இல்லை, ஆனா பழுத்த பழத்தோட இனிப்பு மாதிரி ஒரு மாயை. வாய் பூரா நிறையுது. துவர்ப்பு வாழைப்பூ அளவு, கடுக்காய் அளவுக்கு இல்லை. முழுங்கினப்புறம் தொண்டையில சூடு.

பெரியப்பா ஒரு மடக்கு குடிச்சாரு. அதை வாயிலயே கொஞ்ச நேரம் வெச்சிருந்தாரு. யாரும் சொல்லிக் குடுக்கலை, அவரா வெச்சிருந்தாரு. முழுங்கிட்டுச் சொன்னாரு:

"துவர்ப்பு கம்மி. சூடு ஜாஸ்தி. ருசி நாக்குல நிக்குது, நல்ல சரக்குதான். ஆனா இன்னும் கொஞ்சம் புளிப்பு வேணும்டா. புளிப்பு இருந்தாத்தான் அடுத்த மடக்கு கேக்கும்."

மக்களே, கனமான கிரனாஷ் பத்தி நான் படிச்ச எந்த விமர்சனமும் இதை மிஞ்சலை. டானின், ஆல்கஹால், நீளம், அமிலம், சமநிலை. அஞ்சும் சொல்லிட்டாரு. மார்க் போடலை. சமநிலைதான் தரம், கனம் தரமில்லைங்கறதைப் போகிற போக்குல சொல்லிட்டாரு.

அவருக்கு இது எங்கேர்ந்து வந்துச்சு? கள்ளுலேர்ந்து. ஏரிக்கரை மரத்துக் கள்ளுக்கும் கரட்டு மேட்டு மரத்துக் கள்ளுக்கும் வித்தியாசம் சொல்லுவாரு. ஆண் பனை, பெண் பனை, ஈச்சங்கள், தென்னங்கள், காலைக் கள்ளு, சாயங்காலக் கள்ளு, மழைக்கு அப்புறம் எறக்கினதுன்னு பிரிச்சுப் பேசுவாரு. பிரெஞ்சுக்காரன் 'டெர்வார்'னு மூக்கால சொன்னா வாயைப் பொளக்கறோம். பெரியப்பா அதையே "மேட்டு மரம்"னா நாட்டுப்புறம்கறோம்.

இந்த நாக்கு அவர் தலைமுறையோட முடிஞ்சுபோச்சு. தானா முடியலை. 1987 ஜனவரியில கள்ளுக்குத் தடை வந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு தலைமுறையே கள்ளு ருசி தெரியாம வளர்ந்துச்சு. 1983-ல ஆரம்பிச்ச டாஸ்மாக், 2003 நவம்பர்லேர்ந்து சில்லறை விற்பனையையும் எடுத்துகிச்சு. கரும்பாலைக் கழிவுப் பாகுல காய்ச்சின சாராயத்தைச் சுத்தமா வாசனை போக வடிச்சு, அதுக்கு நிறமும் எசன்ஸும் சேத்து பிராந்தின்னு பேர் வெச்சுக் குடுத்தாங்க. அதுல ருசிக்க என்ன இருக்கு? மூக்கைப் பிடிச்சுகிட்டு ஒரே மூச்சுல ஊத்திகிட்டு, ஊறுகாயை நக்கி அந்த நாத்தத்தைக் கொல்லணும். அந்தக் கடைக்கு நம்ம ஊர்ல வெச்ச பேரு என்ன? ஒயின் ஷாப்பு! உள்ள ஒயினைத் தவிர எல்லாத்தையும் குடிச்சாங்க.

புறநானூத்துல யவனர் நல்ல கலத்துல கொண்டுவந்த மணமான தேறலைப் பாண்டியன் குடிச்சதுக்குப் பாட்டு இருக்கு. 1945-ல மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டினப்ப மத்தியதரைக்கடல் பக்கத்து ஒயின் ஜாடி ஓடுகள் கிடைச்சுது. அதியமான் செத்தப்ப ஔவை பாடின புலம்பல்ல மொதல்ல நினைவுக்கு வர்றதே அவன் கள்ளைப் பகிர்ந்து குடுத்த விதம்தான். கள், தேறல், நறவு, மட்டு, பிழி, தோப்பின்னு ஆறு வார்த்தை வெச்சிருந்தவன், இன்னிக்கு எல்லாத்துக்கும் 'சரக்கு'ன்னு ஒரே வார்த்தை வெச்சிருக்கான். (பெரியப்பாவும் சரக்குன்னுதான் சொன்னாரு, கவனிச்சீங்களா? அதுதான் வருத்தம்.)

"யோவ், குடியால குடும்பம் குடும்பமா அழியுது, நீ ருசி பேசறியா?"ன்னு ஒரு அனானி வருவாரு. வரட்டும், நியாயமான கேள்வி. நான் அந்தக் குடும்பங்களுக்கு நடுவுலதான் இருக்கேன். அதனாலயே ஒண்ணு சொல்றேன். ஒயினைப் புனிதமாக்கற வேலையை மொதல்ல நிறுத்துங்க. "ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது"ன்னு எழுதறவங்களுக்கு ஒரு கணக்கு. 180 மில்லி குவார்ட்டர், 42.8 சதவீதம்: சுத்த ஆல்கஹால் 77 மில்லி. 750 மில்லி கிரனாஷ், 15 சதவீதம்: 112 மில்லி. அதாவது ஒரு பாட்டில், கிட்டத்தட்ட ஒண்ணரை குவார்ட்டர். கல்லீரலுக்கு பிரெஞ்சு தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில, பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு இல்லவே இல்லைன்னு சொல்லியாச்சு. குடிக்காம இருக்கறவங்க அப்படியே இருங்க, உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ஆனா குடிக்கிறவன், ருசி தெரிஞ்சு ஒரு கிளாஸோட நிறுத்தறதுக்கும், ருசியே இல்லாததை மட்டையாகற வரைக்கும் ஊத்தறதுக்கும் வித்தியாசம் இருக்கா இல்லையா? ருசி தெரிஞ்சவன் எல்லாம் யோக்கியன்னு சொல்லலை. ருசியை ஒழிச்சா குடி ஒழியும்னு நினைச்சவங்க கணக்கு என்ன ஆச்சுன்னு பாருங்கன்னுதான் சொல்றேன். ருசி ஒழிஞ்சுது. குடி ஒழிஞ்சுதா?

அதனால என் கோரிக்கை இதுதான். அடுத்த தடவை ஒயின் பத்தி எழுதறப்ப, அது கிரனாஷோ எதுவோ, லேபிளைத் திருப்பி வெச்சுடுங்க. மார்க்கைப் பாக்காதீங்க. உங்க சந்தையில கிடைக்கற, உங்க காட்டுல பறிச்ச, உங்க ஆயா வீட்டுப் பரண்ல மோந்த வாசனையை மட்டும் எழுதுங்க. தஞ்சாவூர்க்காரர் எழுதறது எனக்குப் புரியாட்டி கேட்டுத் தெரிஞ்சுக்கறேன். யாழ்ப்பாணத்துக்காரர் பனம்பழ வாசனைன்னு எழுதினா இன்னும் சந்தோஷம். இலந்தை, நாவல், களா, நன்னாரி, கருப்பட்டி, பழம்புளின்னு நூறு பேர் எழுதினா அதுவே நம்ம சக்கரம். யாரும் டேவிஸுக்குப் போக வேண்டியதில்லை.

பி.கு. 1: களியும் ஆட்டுக்கறிக் குழம்பும்தான் கூட வெச்சு சாப்பிட்டோம். துவர்ப்பு கம்மிங்கறதால கறிக்கு நல்லாவே ஒத்துப்போச்சு. ஆனா குழம்புல காரம் தூக்கலா இருந்தா 15 சதவீத ஆல்கஹால் அந்தக் காரத்தை இன்னும் கிளப்பி விடும். மிளகாயைப் பாதியாக் குறைச்சு, மிளகைக் கூட்டுங்க.

பி.கு. 2: தமிழ்நாட்டுல 21 வயசுக்கு உட்பட்டவங்க மேல இருக்கறதைப் படிச்சதோட நிறுத்திக்கவும். களாப்பழத்துக்கு வயசு வரம்பு கிடையாது.